பூட்டிய வீட்டில் கடுகு

கருங்கண்மாய்க்காரர்களுக்குக் காது கூர்மை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. நம்ப வேண்டாம். ஆடி மாதம் காப்புக் கட்டிய மூன்றாம் நாள் ஒரு தடவை வந்து பார்த்தால் போதும். ஊரின் எந்த மூலையில் யார் கடுகு டப்பாவைத் திறந்தாலும் மற்ற வீடுகள் தொண்ணூற்றாறுக்கும் கேட்கும். ஒரு வருஷம் பரமக்குடியில் யாரோ சாம்பாருக்குத் தாளித்தது இங்கே கேட்டுவிட்டது. ஆள் அனுப்பி விசாரித்தார்கள். "ஆமாம், பதினொன்றரை மணிக்குத் தாளித்தோம், கல்யாண வீடு" என்று அவர்கள் ஒத்துக்கொண்ட பிறகுதான் ஊர் அடங்கியது.

காப்புக் கட்டினால் எட்டு நாளைக்கு ஊரில் யாரும் தாளிக்கக் கூடாது. சட்டியில் எண்ணெய் காயக் கூடாது, கடுகு வெடிக்கக் கூடாது. இருட்டறையில் முளைத்துக்கொண்டிருக்கும் முளைப்பாரிக்கு அந்தச் சத்தம் ஆகாது, பயிர் நுனி கருகிவிடும் என்பது ஐதீகம். வெளியூர் ஆள் ராத்தங்கக் கூடாது. எல்லைக்கு வெளியிலிருந்து ஒரு பிடி மண் ஊருக்குள் வரக் கூடாது. எட்டு நாளும் அவித்தது, அரைத்தது, கரைத்தது மட்டும்தான். முதல் நாள் எல்லோரும் பக்தியாக இருப்பார்கள். இரண்டாம் நாள் மௌனமாகிவிடுவார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஒருவர் வீட்டு வாசலில் ஒருவர் போய் நின்று, "சும்மா வந்தேன்" என்று மூக்கை உறிஞ்சுவார்கள்.

இதில் எதுவும் குருநாதனைப் பாதிக்கவில்லை. அவர் ஆடியிலும் அப்படித்தான் சாப்பிடுவார், தையிலும் அப்படித்தான் சாப்பிடுவார். ஐம்பத்தாறு வயது, தனிக்கட்டை. காலையில் கஞ்சி, கடித்துக்கொள்ள இரண்டு சின்ன வெங்காயம். மத்தியானம் அரிசியையும் பாசிப்பருப்பையும் ஒரே பானையில் போட்டு, வேகும்போது ஒரு கை முருங்கைக்கீரையை உருவிப் போட்டு இறக்கிவிடுவார். ஓர் ஆளுக்குச் சமைப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான சமையல் என்பது அவர் கண்ட உண்மை. எவ்வளவு குறைத்து அரிசி போட்டாலும் இரண்டு பேர் சோறு வந்துவிடும். அந்த இரண்டாவது ஆள் யார் என்று அவருக்குக் கொஞ்ச காலமாகவே ஒரு சந்தேகம் உண்டு.

சந்தேகம் அவருக்குத் தொழிலோடு வந்தது. கொழும்பில் பெரியபட்டினத்து சதக் முதலாளியின் பேக்கரியில் இருபத்திரண்டு வருஷம் வேலை. ரொட்டியை எண்ணி அடுப்பில் வைப்பார்கள், எண்ணி எடுப்பார்கள். ஒரு நாளாவது இரண்டு கணக்கும் ஒத்துப்போனதில்லை. எழுபத்து நாலில் இராமேஸ்வரம் கப்பலில் வந்து இறங்கும்போது அவர் கையில் ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு ரொட்டி அச்சு, அப்புறம் இந்தச் சந்தேக புத்தி. வந்த வருஷமே பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார் உடனே சம்மதித்தார்கள். ஏன் உடனே சம்மதித்தார்கள் என்று யோசித்தவர் எட்டு வருஷமாக இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

நாள்தோறும் நாலு மணிக்கு அவருக்கு ஒரு பன் வேண்டும். அதற்கு ஒரு பெரிய தகர டின் வைத்திருந்தார். அடியில் நாலு விரல் உயரத்துக்குப் பெரியபட்டினம் கடற்கரை மணல், அதன்மேல் மூன்று கல், கல்லின்மேல் மாவு வைத்த அச்சு. டின்னை விறகடுப்பில் ஏற்றி, மூடி போட்டு, மூடியின்மேல் தணலை அள்ளிக் கொட்டுவார். முந்தின நாள் மாவில் எடுத்து வைத்த புளித்த உருண்டைதான் பொங்க வைக்கும். எண்ணெய் ஒரு பொட்டும் கிடையாது, அச்சில் வாழை இலை போட்டுவிடுவார். தணல் கொட்டியதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருணிக்குக் குளிக்கப் போய்விடுவார். குளித்து, துவைத்து, ஒரு குடம் தண்ணீரோடு வந்தால் பன் தயார். பின்வாசற்படியில் உட்கார்ந்து, சுடச்சுடப் பிய்த்து, தேயிலைத் தண்ணீரில் முக்கித் தின்பார். கொழும்பில் பதினாலு பேர் ஓர் அறையில் இருந்தார்கள். ஒருவன் வாயை அசைத்தால் பதின்மூன்று பேர் பார்ப்பார்கள். யாரும் பார்க்காமல் தின்பதற்கென்று ஒரு ருசி இருக்கிறது. அதை அவர் கருங்கண்மாயில்தான் கண்டார்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆடிக் காப்பின் மூன்றாம் நாள், வியாழக்கிழமை, திறந்து கிடந்த டின்னைப் பார்த்தால் மணலில் பூனை அசிங்கம் பண்ணியிருந்தது.

குருநாதன் பூனையைச் சந்தேகிக்கவில்லை. பூனையை யார் அனுப்பியது என்றுதான் யோசித்தார். மணலைக் கொண்டுபோய்க் கொட்டியாயிற்று. வேறு மணலுக்கு எங்கே போவது? கடற்கரை நாலு மைல்தான், போய் வரலாம், ஆனால் எல்லைக்குள் மண் கொண்டுவர முடியாது. ஊர் மண்ணோ சுத்தக் கரிசல். அதைச் சுட்டால் செங்கல் வரும், பன் வராது. மூலையில் வாலிநோக்கத்துக் கல்லுப்பு அரை மூட்டை கிடந்தது. மணலும் சூடு தாங்கும், உப்பும் சூடு தாங்கும். ஒரு மரக்கால் உப்பை டின்னில் கொட்டிப் பரப்பினார். கல்லை வைத்தார், அச்சை வைத்தார், மூடினார், தணல் கொட்டினார், வீட்டைப் பூட்டினார், குளிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது வாசலில் முப்பது பேர் நின்றார்கள். முன்னால் நின்றவள் பக்கத்து வீட்டுப் பூமயில். அவள் வீட்டு இருட்டறையில்தான் அந்தத் தெருவின் முளைப்பாரி வளர்கிறது. அவள் வீட்டுக்கும் இவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

"வாங்க கொழுந்தனாரே. குளிச்சிட்டு வாரீகளா? நல்லா சாவகாசமா வாங்க. உள்ள சமையல் நடந்துக்கிட்டு இருக்கு" என்றாள்.

"என்ன சமையல், மதினி?"

"அதத்தான் நாங்களும் கேக்குறோம். கடுகு வெடிக்குது. ஒரு சிட்டிகையா ரெண்டு சிட்டிகையா? படிக்கணக்குல வெடிக்குது. என் சொவரே அதிருது."

"வீட்டுல ஆளில்லையே. பூட்டிட்டுத்தானே போனேன்."

"பூட்டித்தான் வச்சிருக்கீக. அதத்தான் நானும் சொல்லுதேன்."

கூட்டம் ஒரு மாதிரி இருமியது. குருநாதன் பூட்டைத் திறந்தார். முப்பது பேரும் உள்ளே வந்தார்கள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் நெல் குதிருக்குள் தலையை விட்டு, "ஏ, யாரு?" என்று கேட்டார். குதிருக்குள் ஒரு பெண்பிள்ளை ஒளிந்திருக்க முடியும் என்பது அதுவரை குருநாதனுக்குத் தோன்றியதே இல்லை. அன்றிலிருந்து நெல் எடுக்கும் முன் அவரும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்பது வழக்கமாயிற்று.

ஆள் இல்லை. தாளித்த சட்டி இல்லை. எண்ணெய் வாசம்கூட இல்லை. அடுப்பில் டின் மட்டும் சத்தமில்லாமல் இருந்தது. குருநாதன் தணலைத் தள்ளி மூடியைத் திறந்தார். உள்ளே பன், உருண்டையாக, மேலே பொன்னிறமாக, லேசாக ஆவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூன்று நாளாகக் கரைத்ததையும் அரைத்ததையும் தின்ற முப்பது பேரும் அதைப் பார்த்தார்கள். எச்சில் விழுங்கும் சத்தம் மட்டும் வரிசையாகக் கேட்டது.

"எல்லாரும் இப்படிப் பாக்காதீக. கண்ணு பட்டுறப் போகுது" என்ற பூமயிலும் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

அதற்குள் அம்பலம் இருளாண்டி வந்துவிட்டார். ஊர்த் தலைவர், குருநாதனின் தங்கை சேதுலட்சுமியின் புருஷன். பெரிய மீசை. ஊர்க்கூட்டத்தில் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு தெரிந்துவிடும்: மீசையின் வலது முனையைத் தடவினால் மன்னிப்பு, இடது முனை என்றால் தண்டனை. பன்னைப் பார்த்தார்.

"இது எண்ணெயில போட்டதா, மச்சான்?"

"ஒரு பொட்டு எண்ணெய் கெடையாது, மாப்ள. அனல்ல வெந்தது."

"அப்பச் சரி. சுடுறதுக்குச் சட்டம் இல்ல. தாளிக்கிறதுக்குத்தான் சட்டம்." கை மீசைக்குப் போயிற்று. இடது முனை. "ஆனா கடுகுச் சத்தத்த நானே கேட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூட்டம். அதுக்குள்ள யாரு தாளிச்சதுன்னு நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லணும். சொல்ல முடியலேன்னா, காப்ப மீறின வீட்டுல அடுத்த ஆடி வரைக்கும் அடுப்பு எரியக் கூடாது. அடுப்ப இடிச்சு, தகரத்த நசுக்கி, எல்லைக்கு வெளிய போட்டுருவாக. ஒரு வருசத்துக்கு மூணு வேளையும் நம்ம வீட்டுல சாப்பிடுங்க. அதுக்கென்ன?"

அதற்கென்ன என்று அவர் சுலபமாகக் கேட்டுவிட்டார். சேதுலட்சுமி சோறு போட்டால் தட்டின் விளிம்பு தெரியவே விடமாட்டாள். எதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு கவளத்தையும் வாய்வரைக்கும் கண்ணாலேயே கொண்டுபோய் விடுவாள். சாயங்காலம் குழாயடியில், "எங்கண்ணன் இன்னைக்கு மூணு தடவ ரசம் வாங்குச்சு" என்று எல்லோரிடமும் சொல்வாள். வருஷத்துக்கு ஒரு நாள் தாங்கலாம். முந்நூற்று அறுபத்தைந்து நாள் அப்படித் தின்று உயிரோடு இருப்பதை குருநாதனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பின்னாலேயே சேதுலட்சுமியும் வந்தாள்.

"அண்ணே, நான் உசுரோட இருக்கையிலே நீ ஏன் இப்படி ஊதாங்குழலப் புடிச்சுக்கிட்டு நிக்கணும்? இப்பப் பாரு, எவளோ ஒருத்தி வந்து தாளிச்சுட்டுப் போறா. அம்பலம் வீட்டுக்கு இது அசிங்கம் இல்லையா?"

"எவளும் வரல, தாயி."

"வராமத்தான் கடுகு தானா வெடிச்சுச்சா?"

உண்மையில் அவருக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் காலையில், நல்ல நாள் பெரிய நாளுக்கென்று வாங்கி வைத்திருந்த கடுகு டப்பாவைக் கவிழ்த்து, துண்டை விரித்து, எண்ண ஆரம்பித்தார். மத்தியானச் சோறு பொங்கக்கூட எழுந்திருக்கவில்லை. மொத்தம் ஆயிரத்து நானூற்றுப் பதினாறு. எல்லாம் முழுசு, உருண்டை, கறுப்பு. திரும்ப டப்பாவில் போட்டு மூடினார். முந்தின நாள் டின்னில் கிடந்த உப்பைக் கஞ்சிப் பானைக்கென்று எடுத்து வைத்துவிட்டு - சிக்கனக்காரர், எதையும் வீணாக்க மாட்டார் - புதிதாக ஒரு மரக்கால் உப்பைக் கொட்டினார். மாவு வைத்தார், தணல் போட்டார். வெளியே போகும் முன் அடுப்பங்கரைத் தரை முழுவதும் சாம்பலைத் தூவினார். கதவு நாதாங்கியில் ஏழு முடிச்சுப் போட்டு ஒரு நூல் கட்டினார்.

குளித்து வந்தபோது பூமயில் வாசலில் இருந்தாள். "இன்னைக்கு ரெண்டு படி" என்று மட்டும் சொன்னாள்.

நூல் அறுபடவில்லை. முடிச்சு ஏழும் அப்படியே. சாம்பலில் பூனைக் காலடி தவிர வேறு காலடி இல்லை. டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார். ஆயிரத்து நானூற்றுப் பதினாறு.

குருநாதன் நன்றாக யோசித்தார். வருகிறவள் சொந்தக் கடுகோடு வருகிறாள். எண்ணெயும் அவளே கொண்டுவருகிறாள். பூட்டைத் திறக்காமல் நுழைந்து, தரையில் கால் படாமல் சமைக்கிறாள். தாளித்ததை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் தின்று, சட்டியையும் கழுவி எடுத்துக்கொண்டு போகிறாள். அந்த இடம் வந்தபோது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. இவ்வளவு தூரம் வருகிறவள் ஒரு கரண்டியாவது வைத்துவிட்டுப் போகக் கூடாதா?

சனிக்கிழமையும் அதே கதை. இப்போது அவர் சந்தேகம் ஊர் முழுவதும் சுற்றி வந்தது. பூமயிலைச் சந்தேகித்தார், சுவரில் காதை வைத்துக் கேட்டார். அந்தப் பக்கம் அவளும் காதை வைத்திருந்தாள். மூச்சு கேட்டது. கடைசியில் தங்கை மேலேயே வந்து நின்றது. இதில் லாபம் யாருக்கு? அண்ணனைத் தன் வீட்டுத் தட்டில் உட்கார வைக்க எட்டு வருஷமாகத் தவம் கிடப்பவள் அவள் ஒருத்திதானே? நேரே அவள் வீட்டுக்குப் போனார்.

"கையக் காட்டு."

"எதுக்குண்ணே?"

"ரேகை பாக்கணும்."

உள்ளங்கையை மூக்குவரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தார். துவைக்கிற சோப்பு வாசம்தான் வந்தது.

"என்னண்ணே போட்டிருக்கு?"

"ஆயுசு கெட்டி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேறு வழி இல்லை. டின்னை எப்போதும்போல அடுப்பில் ஏற்றிவிட்டு, சாவியைக் கொண்டுபோய்ப் பூமயிலிடம் கொடுத்தார்.

"மதினி, என்னைய உள்ள வச்சு வெளிய பூட்டுங்க."

பூமயில் சாவியையும் பார்த்தாள், ஆளையும் பார்த்தாள். "எங்க கொழுந்தனாருக்கு வெக்கம் வந்துருச்சு போல. அவ உள்ளதான் இருக்காளா?"

"இனிமேத்தான் வருவா. புடிக்கப் போறேன்."

"புடிச்சா மொதல்ல என்கிட்டக் காட்டணும். நாலு நாளா ஒறக்கமில்லாமக் கெடக்கேன்" என்று பூட்டிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

குருநாதன் உலக்கையோடு பரணில் ஏறி, பழைய சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தார். கீழே அடுப்பு எரிந்தது. பூனை வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

டக்.

ஒன்றுதான். உலக்கையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். அடுப்பங்கரையில் யாரும் இல்லை.

டக், டக். அப்புறம் படபடவென்று, ஒரு கல்யாணத்துக்கு ஆகிற தாளிப்பு. ஆள் இல்லை, சட்டி இல்லை, கரண்டி இல்லை. கொழும்பில் எத்தனையோ பேயைப் பற்றிக் கேட்டிருக்கிறார், சமைக்கிற பேயைப் பற்றி ஒருவரும் சொன்னதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மூடியின்மேல் கிடந்த தணல் தானாகக் குதித்தது. டின் ஆடியது. சத்தம் டின்னுக்குள்ளிருந்து வந்தது.

இறங்கி வந்து, இடுக்கியால் மூடியை ஒரு விரல் அளவு தூக்கினார். வெள்ளையாக ஒன்று சுருக்கென்று நெற்றியில் வந்து அடித்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு.

உப்புக் கல் ஒவ்வொன்றாக வெடித்துத் தகரத்தில் மோதிக்கொண்டிருந்தது. மணல் அவ்வளவு வருஷமாக வாயைத் திறந்ததில்லை. அதனால் அவருக்கு இது தோன்றவே இல்லை. வெடிக்கிற நேரத்தில் அவர் ஊருணியில் இருந்தார், திரும்பி வரும்போது உப்பு வெடித்து ஓய்ந்திருந்தது. ஒருத்தியும் வரவில்லை, யாரும் வந்திருக்கவே இல்லை. பாதி நிம்மதியாக இருந்தது. மறுபாதி என்னவென்று அவர் பார்க்கவில்லை.

சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. குருநாதன் டின்னை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, மூன்று கல் கூட்டி, அதன்மேல் ஏற்றினார். "தாளிச்சது ஆளு இல்ல, உப்பு. இந்தா, இப்ப ஒங்க காதாலேயே கேளுங்க" என்று தீ மூட்டினார்.

தொண்ணூற்றேழு வீட்டுச் சனமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. டின் காய்ந்தது, சிவந்தது. ஒரு சத்தமும் இல்லை. கால் மணி நேரம் ஆயிற்று. உப்பு ஊமையாகக் கிடந்தது.

"உப்புக்கு வெக்கமா இருக்கு போல" என்றது ஒரு குரல். ஊர் சிரித்தது. சேதுலட்சுமி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். இருளாண்டியின் கை மெல்ல மேலே போய் மீசையின் இடது முனையைப் பிடித்தது. ஓர் ஆள் கடப்பாரையோடு குருநாதன் வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் குருநாதன். "இது மத்தியானம் வெடிச்ச உப்பு. வெடிச்சது மறுபடி எப்படி வெடிக்கும்? பச்சை உப்பு கொண்டாங்க. என் வீட்டுது வேண்டாம். அம்பலம் வீட்டு உப்பே வரட்டும்."

அம்பலம் வீட்டு உப்பு ஒரு மரக்கால் வந்தது. பழையதைக் கொட்டிவிட்டுப் புதியதைப் போட்டு மூடினார். அம்மன் கேட்டாளோ, அடுப்புக் கேட்டதோ, டின் நூறு சமையல்காரிகள் ஒரே நேரத்தில் தாளிக்கிற மாதிரி வெடித்தது. கடப்பாரைக்காரர் பாதி வழியில் நின்றார். ஐந்து நாளாகத் தாளிப்பைக் காணாத ஊர் தன்னை மறந்து கண்ணை மூடிக் கேட்டது. இரண்டு பேர் அழுதார்கள்.

சத்தம் ஓய்ந்ததும் இருளாண்டி எழுந்தார். "இது எப்படி? உப்பு எங்கயாச்சும் வெடிக்குமா?"

"ஏன் வெடிக்காது?" பூமயில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "கண்ணு கழிக்கையிலே உப்பச் சுத்தி அடுப்புல போடுறோமே, வெடிக்கலையா?"

"அது உப்பா வெடிக்குது? கண்ணுல்ல வெடிக்குது!" என்றது கூட்டம்.

கருங்கண்மாயில் அதுதான் அறிவு. திருஷ்டி சுற்றி உப்பை அடுப்பில் போட்டால் படபடவென்று வெடிக்கும். வெடிப்பது பட்ட கண். அதிகமாக வெடித்தால் அதிகமான கண். உப்பு தன்பாட்டுக்கு வெடிக்கிற பொருள் என்று அந்த ஊரில் பிறந்த ஒருவருக்கும் தோன்றியதில்லை. குருநாதனுக்கும்தான்.

"நானும் அதத்தான் சொல்லுதேன்" என்றாள் பூமயில். "மூணா நாளு முப்பது பேரு போயி அந்தப் பன்ன எப்படிப் பாத்தோம்? நான் மட்டுமா? எல்லாந்தான். அதுக்கு முன்னயே வாசத்தப் புடிச்சுக்கிட்டு நாலு தெருவும் ஏங்குச்சு. அம்புட்டுக் கண்ணும் அந்த உப்புல எறங்கியிருக்கு. வெடிச்சது நம்ம கண்ணு. வெடிச்சு முடிச்சதுல கண்ணு தீந்துபோச்சு, அதான் அது சத்தம் போடல. இப்ப வந்த உப்பு எம்புட்டு வெடிச்சுச்சு பாத்தீகளா? எந்த வீட்டு உப்புன்னு நான் சொல்லலப்பா."

"ஏ பூமயிலு, யாரப் பாத்து..." என்று சேதுலட்சுமி எழுந்தாள்.

"நான் யாரையும் சொல்லலையே. உப்பு சொல்லுது."

குருநாதனுக்குக் கண்ணுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியும். வாயைத் திறந்தார். கடப்பாரை அவர் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கண்டார். வாயை மூடிக்கொண்டார்.

இருளாண்டியின் கை இடது முனையை விட்டு, மூக்கைச் சுற்றி, வலது முனைக்கு வந்தது. "குத்தம் ஊரு மேல. ஒண்டியா இருக்க மனுசன் திங்கிற பண்டத்துல கண்ணு வச்சது தப்பு. நாளைக்கு எல்லா வீட்டுலயும் உப்பச் சுத்திக் காஞ்ச சட்டியில போட்டுக் கண்ணக் கழிச்சிருங்க. எண்ணெய் ஊத்தக் கூடாது. அம்புட்டுத்தான்."

மறுநாள் திங்கட்கிழமை. காலை பத்து மணிக்குத் தொண்ணூற்றேழு வீட்டிலும் உப்பு வெடித்தது. வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் ஏர்வாடிப் பக்கம் போய்விட்டன. இராமநாதபுரம் பஸ் ஊர் முக்கில் நின்றது. ஆறு டயரும் ஒரே நேரத்தில் போய்விட்டதென்று டிரைவர் இறங்கி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். முளைப்பாரி கருகவில்லை. மத்தியானத்துக்குள் ஒரு சாண் வளர்ந்திருந்தது. பூமயில் கையால் அளந்தே காட்டினாள்.

சேதுலட்சுமி அண்ணனுக்கு ஆள் விட்டாள். தீர்ப்பு அவர் பக்கம் வந்துவிட்டது, ஒரு வேளைக்காவது வந்து சாப்பிட வேண்டும் என்று. ஒரு வேளைதானே என்று குருநாதன் போனார். அவள் தெருவில் திரும்பியதும் நின்றார்.

இருபுறமும் உப்பு வெடித்துக்கொண்டிருந்தது. உப்புக்கு வாசம் கிடையாது. ஆனால் கறிவேப்பிலை மணத்தது.

வீட்டுக்குள் நுழைந்தார். அடுப்பங்கரைக் கதவு சாத்தியிருந்தது. சேதுலட்சுமி கஞ்சியும் புளித் துவையலும் வைத்தாள், தாளிக்காத துவையல். "சாப்பிடுண்ணே. காப்பு நாளு, இதுதான்" என்றாள். வழக்கம்போல எதிரில் உட்காரவில்லை. கதவுப் பக்கமே நின்றாள்.

இருளாண்டி உள்ளேயிருந்து வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். "வாங்க மச்சான். கேட்டீகளா, ஊரு பூராக் கண்ணு எப்படி வெடிக்குதுன்னு?"

"அசையாதீக, மாப்ள" என்றார் குருநாதன்.

எட்டிப் போய், மீசையின் வலது முனையிலிருந்து இரண்டு விரலால் ஒன்றை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஒரே ஒரு கடுகு. தோல் பிளந்து, எண்ணெய் மினுங்கியது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். சேதுலட்சுமியின் கையில் கரண்டி இருந்தது, அதை எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே மறந்துவிட்டது.

"என்னது மச்சான் அது?" என்றார் இருளாண்டி. குரல் அம்பலத்தின் குரலாக இல்லை.

"கண்ணுதான், மாப்ள. ஒங்க மேலயும் ஒண்ணு பட்டு வெடிச்சிருக்கு" என்றார் குருநாதன். அதை வேட்டி முனையில் வைத்து முடிந்தார். கஞ்சியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். யாரும் இரண்டாம் தடவை ஊற்றவில்லை.

வீட்டுக்கு வந்து கடுகு டப்பாவைத் திறந்து அதைப் போட்டார். ஆயிரத்து நானூற்றுப் பதினேழு. பதினாறு முழுசு, ஆயிரத்து நானூறும் முழுசு, ஒன்று மட்டும் வெடித்தது. மாவு வைத்தார், தணல் கொட்டினார். நாலு மணிக்குப் பின்வாசற்படியில் உட்கார்ந்து பன்னைத் தேயிலைத் தண்ணீரில் முக்கினார். யாரும் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் அடுப்பைப் பற்றிக் கருங்கண்மாயில் ஒரு பேச்சும் எழவில்லை. எப்போதாவது இருளாண்டி, "என்ன மச்சான், ஒண்டியாவே பொங்கித் தின்னுக்கிட்டு, நம்ம வீட்டுக்கு..." என்று ஆரம்பித்தால், குருநாதன் பேசாமல் டப்பாவை எடுத்து இரண்டு ஆட்டு ஆட்டுவார். அவர் கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஒரே ஒரு கஷ்டம். வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கடுகை அவர் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது, மச்சினன் கண் டப்பா மேலேயே இருப்பதாக ஒரு சந்தேகம். அதில் கை வைத்துத் தாளித்தால் கணக்குக் குறையுமே. அதனால் காப்பு அவிழ்த்து ஊரெல்லாம் தாளிக்க ஆரம்பித்த பிறகும், குருநாதன் வீட்டில் மட்டும் அதற்கப்புறம் கடுகு வெடிக்கவே இல்லை.